பித்தளைப் பட்டையும் பன்னிரண்டு ரீடிங்கும்

வகுப்பிலேயே என் விடை மட்டும்தான் சரியாக வந்திருந்தது. அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் "என்னடி உளறுத?" என்றுதான் கேட்பார்கள். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தொடங்கி இன்ஜினியரிங் முடிக்கும்வரை தப்பான விடைக்கு எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். சரியான விடை எழுதியதற்காக ஒருத்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு நாடு திரும்ப வேண்டி வரலாம் என்று கனவிலும் நினைத்ததில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. அங்கே இன்ஜினியரிங் முடித்துவிட்டு மேல்படிப்புக்காக சுவிட்சர்லாந்தில் பீல் நகரத்துக்கு வந்தேன். கைக்கடிகாரம் செய்கிற ஊர். பாதிப் பேர் பிரெஞ்சு பேசுவார்கள், மீதிப் பேர் ஜெர்மன். என் படிப்பு பிரெஞ்சில். மதுரையில் ஒரு வருடம் நான் படித்துவிட்டு வந்த பிரெஞ்சு ரொட்டி வாங்கவும் வழி கேட்கவும் போதும். பாடம் கேட்கப் போதாது என்பது முதல் நாள் முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டில் வாடகைக்கு ஒரு அறை கிடைத்தது. அந்த வீட்டு அக்கா கடிகாரத் தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். அவர் கணவருக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் அவரைப் பார்ப்பதே அபூர்வம்.

முதல் இரண்டு மாதமும் எதைப் பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். ஒரு தேர்வில் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியை காபி குடிக்கப் போய்விட்டார். அறையில் ஒரு தலை கூடத் திரும்பவில்லை. பழக்கதோஷம், நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருந்தவன் என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத் தன் தாளில் குனிந்துகொண்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. இன்னொரு நாள் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி பேராசிரியரிடம் நேராக, "நீங்கள் மூன்றாவது வரியில் தப்பு செய்துவிட்டீர்கள்" என்றாள். அடுத்து வெடிக்கப்போகிறது என்று நான் காதைப் பொத்தாத குறை. அவர் பலகையைப் பார்த்து, "ஆமாம், நன்றி" என்று சொல்லி அழித்து எழுதினார். எங்கள் கல்லூரியாக இருந்தால் அந்தப் பெண் அந்த வருடம் பாஸாகியிருக்க மாட்டாள்.

மூன்றாவது மாதம் அந்த ஆய்வக வகுப்பு வந்தது. ஒரு மெல்லிய உலோகப் பட்டையை இரண்டு முனையிலும் தாங்கி வைத்து, நடுவில் எடைக்கல் ஒவ்வொன்றாகத் தொங்கவிட வேண்டும். பட்டை எவ்வளவு கீழே வளைகிறது என்று அளக்க வேண்டும். அதிலிருந்து அந்த உலோகத்தின் விறைப்பைக் கணக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்த எவளுக்கும் இது யங்ஸ் மாடுலஸ் என்று தூக்கத்திலும் சொல்லத் தெரியும். முதல் வருடம், முதல் பரிசோதனை. தாளில் "எஃகுப் பட்டை" என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. அட, இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு சங்கதி!

எஃகுக்கு இருநூறு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வர வேண்டும். எனக்கு நூறுக்குப் பக்கத்தில் வந்தது. மறுபடி அளந்தேன். நூற்றி இரண்டு. கருவியை மாற்றி அளந்தேன். தொண்ணூற்றி ஒன்பது. வகுப்பில் மொத்தம் பதினொரு பேர். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டதால் நான் தனி. கேட்க ஆளில்லை. கேட்கவும் வெட்கம். முதல் வருடப் பரிசோதனை கூட இவளுக்கு வரவில்லை என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம்.

அப்புறம் என்ன செய்தேன்? நாங்கள் எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தேன். எங்கள் கல்லூரியில் அளந்ததை முதலில் பென்சிலில்தான் எழுதுவோம். விடை வராவிட்டால், வர வேண்டிய விடையிலிருந்து கணக்கைப் பின்னாலிருந்து முன்னால் போட்டு, ரீடிங் என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்போம். ரப்பரால் அழித்துவிட்டு அதைப் பேனாவால் எழுதி ரெக்கார்டு நோட்டில் ஏற்றுவோம். இதைத் தப்பு என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் நினைத்ததில்லை. சீனியர்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் வித்தையே இதுதான். நோட்டைத் திருத்துகிறவரும் மாணவராக இருந்தபோது இதைச் செய்தவர்தான்.

ஆக, பட்டை பாதி வளைந்தால் விறைப்பு இரட்டிப்பாகும் என்பதால் ஒவ்வொரு ரீடிங்கையும் பாதியாக்கினேன். எல்லாம் அச்சடித்தது மாதிரி சரி பாதியாக இருந்தால் சந்தேகம் வரும். அங்கே ஒரு புள்ளி கூட்டினேன், இங்கே ஒரு புள்ளி குறைத்தேன். ஒன்றை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக விட்டேன். அதில்தான் கைப்பக்குவம். கடைசியில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்தது. என் கிராஃபைப் பார்த்து எனக்கே ஆசையாக இருந்தது.

அடுத்த வாரம் பேராசிரியர் எல்லோருடைய விடையையும் பலகையில் எழுதினார். அறுபதைத் தொடப்போகிற மனிதர், சத்தமே போடாதவர், எப்போதும் ஒரே பழுப்பு நிற ஸ்வெட்டர். நூற்றி ஒன்று, தொண்ணூற்றி எட்டு, நூற்றி நான்கு, நூறு, நூற்றி மூன்று. கடைசியில் என்னுடையது: நூற்றுத் தொண்ணூற்றெட்டு. எனக்கு உள்ளே பட்டாசு வெடித்தது. பாவம், இந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு யங்ஸ் மாடுலஸ் தெரியவில்லையே என்று நிஜமாகவே இரக்கப்பட்டேன்.

"நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்று சொல்ல முடியுமா?" என்று என்னைக் கேட்டார். எழுந்து நின்று, தெரிந்த பிரெஞ்சை எல்லாம் கொட்டி, கருவியின் முள்ளை நேராகப் பார்க்க வேண்டும், எடையை மெதுவாக வைக்க வேண்டும் என்று பாடமே எடுத்தேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு மேஜையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, சின்னக் கத்தியால் அதன் ஓரத்தைச் சுரண்டித் தூக்கிக் காட்டினார்.

வெள்ளி நிறத்துக்கு அடியில் பளிச்சென்று மஞ்சள்.

பித்தளை! மேலே வெறும் நிக்கல் முலாம். எஃகு என்று சீட்டு ஒட்டிக் கொடுத்ததே அவர்தான். "சீட்டை நம்புகிறீர்களா, உங்கள் கையை நம்புகிறீர்களா என்று பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை" என்றார். மற்ற ஐந்து குழுவும் தங்கள் அறிக்கையில், "எங்களுக்கு நூறுதான் வருகிறது, ஒன்று எங்கள் அளவு தப்பு, அல்லது இது எஃகு இல்லை" என்று எழுதியிருந்தார்களாம். தப்பு என்று தங்களுக்கே தோன்றிய விடையை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்! எனக்கு அதுதான் முதல் அதிர்ச்சி. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். எல்லோரும் தங்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தன.

வகுப்பு முடிந்ததும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று தயாராகப் போனேன். கத்தினால் அழலாம், அழுதால் விட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்த முறை அது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, "இது மோசடி. நான் இதைக் கல்லூரி ஒழுங்குக் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர்கள் உங்களைக் கல்லூரியிலிருந்து நீக்கலாம்" என்றார். பேருந்து நேரம் சொல்கிற மாதிரியான குரல்.

"சார், மார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள் சார்" என்று தமிழ்நாட்டு சாரோடு சேர்த்து பிரெஞ்சில் கெஞ்சினேன்.

"நீங்கள் நூறு என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஏன் மாற்றினீர்கள்?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

ரெக்கார்டு நோட்டு, பென்சில், ரப்பர், சீனியர் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கோபமாக இருந்தால் பரவாயில்லை. அவர் பயந்துபோனவர் மாதிரி இருந்தார். "நீங்கள் எல்லோருமா?" என்று கேட்டார். "எல்லோரும்" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் அக்கா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "என்ன பிள்ளை, முகம் கறுத்துப்போய்க் கிடக்கு? ஆரும் ஏதும் சொன்னவங்களோ?"

சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "உமக்கென்ன விசரோ? நான் வேலையிலை ஒரு நாளைக்கு எத்தினை மணிக்கூட்டைப் பழுது எண்டு தள்ளி வைக்கிறனான் தெரியுமோ? தள்ளி வைச்சதுக்கு ஒருத்தரும் ஏசுறேல்லை. பழுதானதை நல்லது எண்டு விட்டால்தான் வீட்டுக்கு அனுப்புவாங்கள்."

"எங்க ஊர்ல அப்படி இல்லக்கா."

"உம்மடை ஊர் இல்லைத்தானே இது! கொலிஜிலை இருந்து எடுத்தால் இந்த நாட்டிலை இருக்கிற பெர்மிட்டும் போகும். படிக்கிறதுக்குத்தானே அது தந்தவங்கள்." பெர்மிட் என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் அடங்கிப்போனது. இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, அந்த அட்டைக்காகப் பல வருடம் காத்திருந்தவர் அவர். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கு உடம்பு சரியில்லை, தலைச்சுத்து எண்டு சொல்லும். என்ன எழுதினனான் எண்டே தெரியேல்லை எண்டு சொல்லும். டொக்டரிட்டைத் துண்டுக் கடிதம் வாங்கலாம்" என்றார்.

அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவ்வளவு பயந்திருந்தேன். ஆனால் காலையில் குழுவைப் பார்க்கப் போக நான் ஷூவை மாட்டும்போது அக்கா வாசலுக்கு வந்து, கையில் பிட்டு டப்பாவைத் திணித்து, "நேற்று நான் சொன்னதைச் சொல்லிப்போடாதையும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குழுவில் மூன்று பேர். பேராசிரியர், எங்கள் படிப்புப் பிரிவின் தலைவியான ஒரு பெண்மணி, குறிப்பெடுக்க அலுவலகத்திலிருந்து ஒருவர். பித்தளை விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. செய்தேன், தப்புத்தான் என்றேன். அதே பரிசோதனையை மறுபடி செய்து, வருவதை வந்தபடி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பாடா, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போது அந்தப் பெண்மணி இன்னொரு கோப்பைத் திறந்தார். நான் இங்கே சேர அனுப்பிய விண்ணப்பம்.

அதில் என் இறுதியாண்டு புராஜெக்ட் இருந்தது. பனைநாரைப் பசையில் அடுக்கித் தகடு செய்து, எவ்வளவு இழுத்தால் அறுந்துபோகிறது என்று சோதித்தது. பன்னிரண்டு தகடு, பன்னிரண்டு ரீடிங், அழகான ஒரு வளைகோடு. எங்கள் துறையில் முதல் பரிசு. என் கைடு சாரின் பெயரும் என் பெயரும் போட்டு ஓர் ஆய்விதழில் அச்சாகி வந்தது. இந்தக் கல்லூரி என்னை எடுத்ததே அதைப் பார்த்துத்தான்.

"இதுவுமா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. வாய் அப்படிச் சொல்லத்தான் திறந்தது. ஆனால் பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையில், இல்லை என்று நான் சொல்லிவிடுவேனோ என்று அவர் தவிப்பது தெரிந்தது.

"மூன்று" என்றேன். "பன்னிரண்டில் மூன்று. கடைசி மூன்று தகடும் இயந்திரத்தின் பிடிப்பானிலிருந்து நழுவிவிட்டன. மறுபடி செய்ய நார் இல்லை, நாளும் இல்லை. அந்த மூன்றையும் நானாகவே எழுதினேன்."

"மற்ற ஒன்பது?"

"அந்த ஒன்பதும் நிஜம். நானே அளந்தது. என் அம்மா மேல் சத்தியம்!" என்று என் தலையில் கை வைத்தே சொன்னேன்.

"உங்கள் அம்மாவை விட்டுவிடுவோம்" என்றார் அந்தப் பெண்மணி, கிண்டல் இல்லாமல். "உங்கள் கல்லூரியிலிருந்து அந்த மூல ரீடிங்குகளை வாங்கிக் கொடுங்கள். ஒன்பதும் உண்மை என்று உறுதியானால் உங்கள் சேர்க்கை செல்லும்." ஒரு வாரம் தந்தார்கள்.

வெளியே வந்து ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆச்சரியம், மனசு லேசாகத்தான் இருந்தது. ஒன்பது இருக்கிறதே! இயந்திரக் கூடத்தின் தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், வியர்வை தாளில் சொட்டாமல் இருக்கத் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு எடுத்த ஒன்பது. ஒரு தகடு அறுந்தபோது தெறித்து என் கன்னத்தைக் கீறியது. அதை எவரும் பொய் என்று சொல்ல முடியாது. கைடு சாருக்குப் போன் போட்டேன்.

"யம்மா! சுவிட்சர்லாந்துக்காரி! எப்படிம்மா இருக்க, குளிரா?" பாசமான மனிதர். என் விண்ணப்பத்துக்கான சிபாரிசுக் கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுதிக் கொடுத்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை "அடடா, அடடா" என்றுகொண்டே இருந்தார்.

"இதெல்லாம் ஏம்மா வெளிய சொன்ன? கேட்டா இல்லன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான?"

"சொல்லிட்டேன் சார். இப்ப அந்த அப்சர்வேஷன் நோட்டு வேணும். ஒம்பது ரீடிங் அதுல இருக்கில்ல?"

"அதெல்லாம் போன வருஷமே பழைய பேப்பருக்குப் போயாச்சும்மா. லேப்புக்கு வெள்ளை அடிச்சாங்கல்ல."

"அப்ப அச்சுல வந்திருக்கே சார், அதைக் காட்டுறேன். அந்த ஒம்பதும் நான் எடுத்ததுதான்னு நீங்க ஒரு லெட்டர் கொடுங்க சார்."

அந்தப் பக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. தப்பு செய்தவர் சிரிப்பு இல்லை; பிள்ளைக்குச் செய்த உதவி இவ்வளவு நாள் கழித்து வெளியே வந்துவிட்டதே என்ற கூச்சச் சிரிப்பு.

"ஒம்பதுன்னு எழுத முடியாதும்மா. அனுப்புறதுக்கு முன்னாடி பாத்தேன், கர்வ் நடுவுல கொஞ்சம் நெளிஞ்சுது. நாந்தான் ரெண்டு பாயிண்ட்டத் தூக்கிவிட்டேன். நீ கவனிக்கலியா?"

நான் கவனிக்கவில்லை. அச்சில் என் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் எண்களை யார் பார்த்தார்கள்?

"எந்த ரெண்டு சார்?"

"அதெல்லாம் இப்ப யாருக்கும்மா ஞாபகம்? நல்லாத்தான வந்துச்சு?"

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. நான் பித்தளையை எஃகாக்கியபோது எவ்வளவு அக்கறையாகச் செய்தேனோ, அதே அக்கறையோடு அவர் எனக்காகச் செய்திருக்கிறார். சீ, என்ன பிழைப்பு இது என்று என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டேன்.

ஒரு வாரம் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையே போய் அந்தப் பெண்மணியின் கதவைத் தட்டினேன். பேராசிரியரும் அங்கேதான் இருந்தார். நின்றபடியே சொன்னேன். "ஒன்பது என்று சொன்னேன். அது தப்பு. ஏழு."

"எந்த ஏழு?"

"தெரியாது."

அவர் பேராசிரியரைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, என் புராஜெக்ட் பக்கத்தின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். "எது என்று தெரியாவிட்டால் ஏழும் இல்லை" என்றார். பேராசிரியர் எழுந்து கதவைத் திறந்துவிட்டு, "கடிதம் வரும்" என்றார்.

எட்டாம் நாள் வந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பிரெஞ்சை எழுத்துக்கூட்டி வாசித்தார். நீக்கவில்லை. நானாகவே போய்ச் சொன்னதால் இருக்கலாம். ஆனால் முடித்த மாதங்கள் செல்லாது. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆய்வு என் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது. இனி எங்கேயும் அதை என் வேலை என்று காட்டக் கூடாது.

"பெர்மிட் போகேல்லை!" என்று அக்கா கூவினார். "கடவுளே, பெர்மிட் போகேல்லைப் பிள்ளை! ஏன் அழுறீர்? ஒரு வருசம்தானே, போகட்டும் விடும்."

வருடம் போனதற்காக நான் அழவில்லை. மூன்று என்னுடைய பொய், இரண்டு சாருடைய பொய், அவை போனதற்கும் அழவில்லை. மீதி ஏழு இருந்தனவே. அவை நிஜம். அந்த ஏழுக்காகத்தான் அழுதேன்.